‘மிஷன் மங்கள்’ படத்தை மாணவர்களுக்குத் திரையிடலாமா? மங்கள்யான் எவ்வளவு, கற்பனை எவ்வளவு?

கேள்வி: வகுப்பறை ஜன்னல்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் அறிவியல் மன்றத்தில் மாதம் ஒரு திரைப்படம் காட்டுவது வழக்கம். அடுத்த மாதத்திற்கு, 2019 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘மிஷன் மங்கள்’ என்னும் இந்திப் படத்தை நான் முன்மொழிந்திருக்கிறேன். ஜகன் சக்தி இயக்கி, அக்‌ஷய் குமார், வித்யா பாலன், டாப்ஸி, சோனாக்‌ஷி சின்ஹா, நித்யா மேனன் உள்ளிட்டோர் நடித்த இப்படம், 2013-இல் இஸ்ரோ செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யானின் கதையைச் சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

படம் வெளியானபோது என் மகளுடன் திரையரங்கில் பார்த்து மனம் நெகிழ்ந்து வந்தவள் நான். ஆனால் மாணவர்களுக்குக் காட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று, சென்ற வாரம் குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்து மறுபடியும் பார்த்தபோது, முதல்முறை கண்ணில் படாத பல இடங்கள் உறுத்தத் தொடங்கின. தாரா ஷிண்டே என்னும் விஞ்ஞானி அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெயின் சூட்டிலேயே பூரி பொரிவதைப் பார்த்து, அதே வழியில் குறைந்த எரிபொருளில் செவ்வாய்க்குப் போய்விடலாம் என்று கண்டுபிடிப்பதாக ஒரு காட்சி வருகிறதே, அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படியே இயற்பியல் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? பாழடைந்த அலுவலகம் ஒன்றைப் பாட்டுப் பாடி ஆடிக்கொண்டே துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு குழுவினர் விண்கலத்தைக் கட்டி முடித்துவிடுவதாகக் காட்டுவதும் எனக்கு நெருடலாக இருக்கிறது.

எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர், “பொய்யைக் காட்டிவிட்டு மெய்யை விளக்குவதைவிட, மெய்யை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமே” என்று கருதுகிறார். படமோ இந்தியில் இருப்பதால், வசனங்களை நானே இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த உழைப்புக்கு இப்படம் தகுதியானதுதானா என்பதே என் கேள்வி. பார்த்தவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: விண்நோக்கி

தங்கள் கேள்வியில் உள்ள பூரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த ஒரு காட்சிக்காகவே இப்படத்தின்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

மங்கள்யானை ஏந்திச் சென்ற பி.எஸ்.எல்.வி. சி-25 ராக்கெட்டுக்கு, 1337 கிலோ எடையுள்ள அக்கலத்தை நேராகச் செவ்வாயை நோக்கி எறியும் வலிமை கிடையாது. வலிமை மிகுந்த ஜி.எஸ்.எல்.வி. 2010-இல் ஏப்ரலிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை தோல்வியுற்றிருந்தது. ஆகவே 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ராக்கெட், கலத்தைப் பூமிக்கு மிக அருகில் ஏறத்தாழ 250 கிலோமீட்டரும் தொலைவில் 23,500 கிலோமீட்டரும் கொண்ட நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்டது. அதன் பின்னர், கலம் பூமிக்கு மிக நெருங்கி மிக வேகமாகப் பாயும் நேரம் பார்த்து அதன் இயந்திரத்தைச் சிறிது நேரம் எரிப்பார்கள். ஒவ்வொரு எரிப்புக்கும் நீள்வட்டத்தின் மறுமுனை இன்னும் தொலைவுக்கு விலகும். நவம்பர் 16 அன்று அம்முனை 1,92,000 கிலோமீட்டரைத் தாண்டியது. நவம்பர் 30 நள்ளிரவு கடந்து, டிசம்பர் 1 அதிகாலை 12.49 மணிக்கு இருபத்திரண்டு நிமிடங்கள் எரித்துப் பூமியின் பிடியிலிருந்தே கலத்தை விடுவித்தார்கள்.

இங்கே மிச்சச் சூடு என்று எதுவும் இல்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டால் அதற்குப் பிறகு உந்துதல் சுழியம்தான்; சிக்கனம் அணைப்பதில் இல்லை, வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் உந்துவதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு உவமை வேண்டுமென்றால் சமையலறைக்குப் போகாமல் வேப்பமரத்தடிக்குப் போங்கள். ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடுகிறவர்கள், அது அடிப்பகுதியைக் கடக்கும் நொடியில்தான் முழங்காலை நிமிர்த்தி எழுவார்கள். அந்த ஓர் உந்தலில் அடுத்த வீச்சு இன்னும் உயரே போகும். இதுவும் முழுப் பொருத்தம் உடைய உவமை இல்லை என்றாலும், பூரியைப் போலத் தவறான திசையில் இழுத்துச் செல்லாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது 2012-இல் யாருக்கோ திடீரென்று பளிச்சிட்ட எண்ணமும் அன்று. 2008 அக்டோபரில் புறப்பட்ட சந்திரயான்-1, இதே பி.எஸ்.எல்.வி. வகை ராக்கெட்டில், இதே போல் படிப்படியாகப் பாதையை நீட்டித்துத்தான் நிலவுக்குப் போனது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே கைவந்த வித்தையை, அடுக்களையில் அன்று காலை பிறந்ததாகக் காட்டியது கற்பனை என்ற அளவில் மன்னிக்கத்தக்கதாக இருக்கலாம். ஆனால் ஒரு நிறுவனம் தன் முந்தைய அனுபவத்தின் மேல் ஏறி நின்றுதான் அடுத்ததை எட்டுகிறது என்ற உண்மையை அது மறைத்துவிடுகிறது.

பதில் 2: தாமிரபரணிக் கரை

மேலே எழுதிய நண்பரின் கோபம் இயற்பியல் பற்றியது. என்னுடையது பெயர்களைப் பற்றியது.

மங்கள்யான் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். திட்டங்களுக்கு மேல்நிலைப் பொறுப்பில் இருந்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியைச் சேர்ந்தவர். சந்திரயான்-1-இன் திட்ட இயக்குநரும் அவரே. இஸ்ரோவின் தலைவராக அப்போது இருந்தவர் கேரளத்தைச் சேர்ந்த கே. ராதாகிருஷ்ணன். இந்தப் படத்தில் இவர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை. அவர்களுக்குப் பதிலாக ராகேஷ் தவான் என்று ஒருவர் வந்து, தோல்விக்குப் பொறுப்பேற்று, ஒதுக்கப்பட்டு, பாட்டுப் பாடி, எல்லோருக்கும் ஊக்கமூட்டுகிறார். திட்டத்தை வழிநடத்துவது தாரா ஷிண்டே. மாற்றுப் பெயர்களை வைத்துக்கொள்வது ஒரு படைப்பாளியின் உரிமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்த உண்மையைச் செய்தவர்களின் ஊர், மொழி, முகம் மூன்றையும் அழித்துவிட்டு, சந்தைக்கு உகந்த முகங்களை ஒட்டினால், அதைத் தழுவல் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

அருணன் அவர்களுக்கு 2015-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இருந்தும், எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளிலேயே மங்கள்யான் என்றதும் அக்‌ஷய் குமாரை நினைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தாங்கள் திரையிடுவதானால், படம் தொடங்கும் முன் கரும்பலகையில் அந்த மூன்று பெயர்களையும் எழுதி வைத்துவிடுங்கள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பதில் 3: அடுக்களையும் அலுவலகமும்

இதுவரை எழுதிய இருவரும் ஆண்கள் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளவும்.

பூரியைப் பற்றிய இயற்பியல் விளக்கம் முழுவதும் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு பெண் காலையில் வீட்டு வேலைகளை முடித்து, மகனுடனும் கணவனுடனும் வாதாடி, அலுவலகம் போய் அங்கே செவ்வாய்க்கு வழி தேடுவதைப் பெரிய திரையில் பார்த்தபோது, எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த முதிய பெண்மணி ஒருவர் கைதட்டியதை நான் மறக்கவில்லை. நேஹா என்னும் பாத்திரத்துக்கு அவருடைய மதத்தின் காரணமாக வாடகை வீடு கிடைக்காமல் போவதும், வர்ஷா கருவுற்றபின் வேலையில் தொடர்வதைப் பற்றி எழும் கேள்விகளும் மங்கள்யான் வரலாற்றில் எழுதப்படாதவையாக இருக்கலாம்; ஆனால் அவை நாட்டில் நடக்காதவை அல்ல.

இந்தப் படத்துக்கு ஊற்றாக இருந்ததே ஒரு புகைப்படம் என்று பலரும் கருதுகிறார்கள். 2014 செப்டம்பர் 24 அன்று, கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்ததும், பெங்களூரில் பட்டுச்சேலையும் தலையில் பூவுமாகப் பெண்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் அந்தப் படம் உலகெங்கும் பரவியது. அதில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவுப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்றவர்கள் இயக்கப் பொறுப்புகளில் அமர்ந்திருந்தார்கள். கலத்தில் இருந்த அறிவியல் கருவிகளின் உருவாக்கத்தில் மௌமிதா தத்தா, மீனல் ரோஹித் ஆகியோருக்குப் பங்கு உண்டு. புகைப்படத்தில் இருந்தவர்கள் வேறு, வேலை செய்தவர்கள் வேறு. இரு சாராருமே பெண்கள். இதைக் காட்டிலும் சுவையான செய்தி அந்தத் திரைப்படத்தில் எங்கே இருக்கிறது?

ஆக, எனக்கும் குறை உண்டு, ஆனால் அது வேறு குறை. ஐந்து பெண்களைப் பற்றிய படம் என்று அழைத்துவிட்டு, சுவரொட்டியில் நாயகனின் முகத்தைப் பெரிதாகப் போட்டு அவர்களைச் சுற்றிலும் சிறிதாக ஒட்டினார்களே, அங்கேயே கதை யாருடையது என்பதை விநியோகஸ்தர் தீர்மானித்துவிட்டார். பெண்களின் துயரங்களெல்லாம் வீட்டில் நடக்கின்றன. முடிவுகளை மட்டும் ஓர் ஆண் மேசையைத் தட்டி அறிவிக்கிறார். தங்கள் மாணவிகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

வகுப்பறை ஜன்னல் (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. அந்தப் புகைப்படத்தைப் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதியது. நான் இத்தனை ஆண்டுகளும் அவர்களை விஞ்ஞானிகள் என்றே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

விண்நோக்கி ஐயாவுக்கு ஒரு துணைக் கேள்வி. படத்தின் உச்சக்கட்டத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள், ஏன் எதையும் செய்யாமல் நிற்கிறார்கள் என்பது என் மகளுக்கு விளங்கவில்லை. சொல்லப்போனால் எனக்கும் அரைகுறையாகத்தான் விளங்கியது.

பதில் 4: விண்நோக்கி

அம்மா, தாங்கள் கேட்டது இந்தப் படம் கைநழுவவிட்ட மிகப் பெரிய நாடகத்தைப் பற்றி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கு அருகே போவது ஒரு வேலை. அங்கே நிற்பது வேறு வேலை. வேகத்தைக் குறைக்காவிட்டால் கலம் செவ்வாயைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டிய 440 நியூட்டன் திரவ இயந்திரமோ, டிசம்பர் 1-க்குப் பிறகு ஏறத்தாழ முந்நூறு நாள்கள் எரிக்கப்படாமல் விண்வெளிக் குளிரில் உறங்கிக் கிடந்தது. வால்வுகள் திறக்குமா, குழாய்களில் கசிவு ஏதும் உண்டா என்பதையெல்லாம் பூமியிலிருந்து யாரும் போய்ப் பார்க்க இயலாது. ஆகவே 2014 செப்டம்பர் 22 அன்று அதை ஏறத்தாழ நான்கு நொடிகள் மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. எரியாமல் போயிருந்தால், சிறிய எட்டு உந்திகளைக் கொண்டு நெடுநேரம் எரித்துச் சமாளிப்பதென்று மாற்றுத் திட்டம் வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 24 காலை 7.17 மணிக்கு முதன்மை எரிப்பு தொடங்கியது. பூமிக்கும் கலத்துக்கும் இடையே இருந்த தொலைவை ஒரு வானொலி அலை கடக்கப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேலாகும். ஆகவே அது தொடங்கியது என்ற செய்தியே பெங்களூருக்கு 7.30 மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. எரிப்பு தொடங்கிய சில நிமிடங்களிலேயே கலம் செவ்வாயின் முதுகுப்புறம் மறைந்துவிட்டது; சூரிய ஒளியும் இல்லை, தொடர்பும் இல்லை. இருபத்துநான்கு நிமிடங்கள் நீடிக்க வேண்டிய எரிப்பின் பெரும்பகுதி யாருடைய கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் நடந்தது. கட்டளைகள் எல்லாவற்றையும் பல நாள்களுக்கு முன்பே கலத்தின் நினைவகத்தில் ஏற்றியிருந்தார்கள். அன்று காலை கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருந்தவர்களால் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. தங்கள் மகளின் கேள்விக்கு இதுதான் விடை: அவர்கள் கைகட்டி நின்றது பதற்றத்தால் அன்று, வேலையை முன்பே முடித்துவிட்டதால். எட்டு மணியளவில்தான் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் குறைந்து கலம் சுற்றுப்பாதையில் அமர்ந்துவிட்டது உறுதியானது.

இப்படி இயல்பாகவே பரபரப்பு நிறைந்த வேறு இடங்களும் உண்டு. 2013 நவம்பர் 11 அன்று, மறுமுனையை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு உயர்த்த வேண்டிய எரிப்பு, 78,000 சொச்சத்திலேயே நின்றுவிட்டது. எரிபொருள் வால்வைத் திறக்கும் முதன்மை மின்சுருளையும் மாற்று மின்சுருளையும் ஒரே நேரத்தில் இயக்கிச் சோதித்தபோது, இயந்திரத்துக்கு எரிபொருள் போவது தடைபட்டதே காரணம். மறுநாளே கூடுதல் எரிப்பு ஒன்றைச் செய்து 1,18,000 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார்கள். ஏவுதலே அக்டோபர் 28-லிருந்து நவம்பர் 5-க்குத் தள்ளிப்போனதற்குக் காரணம் தெரியுமா? ராக்கெட்டின் நான்காம் கட்டம் எரிவதைக் கண்காணிக்கத் தென்பசிபிக் கடலுக்கு அனுப்பப்பட்ட நாலந்தா, யமுனா என்னும் இரு கப்பல்களில் ஒன்று, மோசமான வானிலையால் உரிய இடத்துக்குக் குறித்த நேரத்தில் போய்ச்சேரவில்லை. நவம்பர் 19-க்குள் ஏவாவிட்டால், செவ்வாய் மீண்டும் வாகான இடத்துக்கு வர ஏறத்தாழ இருபத்தாறு மாதங்கள் காத்திருக்க வேண்டும். கடலில் அலை, கரையில் நாள்காட்டி! ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதையெல்லாம் அருகில் வைத்துக்கொண்டு, துடைப்பத்துடன் ஆடும் பாட்டுக்கு நேரம் ஒதுக்கினார்கள் என்பதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

பதில் 5: பழைய திரைரசிகர்

விண்நோக்கி ஐயாவின் ஆதங்கத்தோடு உடன்படுகிறேன், ஆனால் உண்மையை மட்டும் நம்பி எடுத்த படங்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். நிலவுக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளான அமெரிக்க விண்கலத்தைப் பற்றி ரான் ஹோவர்டு இயக்கி 1995-இல் வெளிவந்த ‘அப்போலோ 13’ இவ்வகைப் படங்களுக்கு அளவுகோல் என்று சொல்லப்படுகிறது. அதில் ஜிம் லவல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹெய்ஸ் என்று விண்வெளி வீரர்களின் உண்மைப் பெயர்களே வருகின்றன. எடையற்ற நிலையைக் காட்ட, நாசாவின் பயிற்சி விமானத்தில் நடிகர்களை ஏற்றி, ஒவ்வொரு முறையும் இருபத்து மூன்று நொடிகள் அளவே கிடைக்கும் மிதப்பில் காட்சிகளை எடுத்தார்கள். அவ்வளவு உழைத்தவர்களே, ஸ்விகர்ட்டுக்கும் ஹெய்ஸுக்கும் இடையே நடக்காத சண்டையொன்றைப் புகுத்தினார்கள். விபத்துக்குப் பின் முக்கியமான மணிநேரங்களைக் கையாண்ட கிளின் லன்னியின் தரைக்கட்டுப்பாட்டுக் குழுவைப் பின்னுக்குத் தள்ளி, இன்னொரு குழுவின் தலைவரான ஜீன் கிரான்ஸ் ஒருவரையே முன்னிறுத்தினார்கள். “சிக்கல் ஏற்பட்டது” என்று விண்வெளியிலிருந்து இறந்தகாலத்தில் வந்த சொல்லைக்கூட, “சிக்கல் உள்ளது” என்று நிகழ்காலத்துக்கு மாற்றினார்கள்.

அப்படம் வெளிவருமுன் நடந்த சோதனைத் திரையிடலில் ஒரு பார்வையாளர், இவர்கள் உயிரோடு திரும்புவதெல்லாம் நடக்கவே நடக்காது, இது வழக்கமான ஹாலிவுட் புளுகு என்று கருத்து எழுதிவிட்டுப் போனாராம். இயக்குநரே பலமுறை சொன்ன கதை இது. உண்மையை உண்மை என்று நம்ப வைப்பதும் ஒரு பெரும்பாடுதான்.

எனினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ‘அப்போலோ 13’ தான் புகுத்திய பொய்யைக் கொண்டு பார்வையாளரைத் தொழில்நுட்பத்துக்குள் இழுத்துச் செல்கிறது. சதுரக் குப்பியை வட்டத் துளையில் பொருத்தும் காட்சியில், மூச்சுக்காற்றைச் சுத்திகரிக்கும் வேதியியலையே நாம் புரிந்துகொண்டுவிடுகிறோம். ‘மிஷன் மங்கள்’ தான் புகுத்திய பொய்யைக் கொண்டு தொழில்நுட்பத்திலிருந்து நம்மைத் தப்பிக்க வைக்கிறது. பூரி வந்ததும் நாம் நீள்வட்டத்தை மறந்துவிடுகிறோம். எனக்கு இப்படம் பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம். நித்யா மேனன் நடிப்பு மட்டும் விதிவிலக்கு.

பதில் 6: அடுக்களையும் அலுவலகமும்

திரைரசிகர் அவர்களுக்கு ஒரே ஒரு சொல். தாங்கள் புகழும் அந்தப் படத்தில் பெண்கள் பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்து கவலைப்படுகிறார்கள். அது அந்தக் காலத்து உண்மை என்பதை ஏற்கிறேன். ஆனால் என் வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, எதைப் பார்த்து “நான் இந்த வேலைக்குப் போகலாமா?” என்று கேட்டாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பூரி தப்பு என்பதைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். அந்தக் கேள்வியைப் பிறகு வரவழைப்பது கடினம்.

வகுப்பறை ஜன்னல் (கேட்டவர்)

அனைவரது கருத்துகளையும் மூத்த ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஊஞ்சலைக் கேட்டுச் சிரித்தார். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

படத்தைக் காட்டுவதென்று முடிவு செய்திருக்கிறேன், ஆனால் முழுவதும் அன்று. கரும்பலகையில் அருணன், அண்ணாதுரை, ராதாகிருஷ்ணன் பெயர்களோடு ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் பெயர்களையும் எழுதி வைப்பேன். பூரிக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி, அனைவரையும் வெளியே மரத்தடிக்கு அழைத்துச் சென்றுவிட்டு வருவேன். துடைப்பப் பாட்டை வேகமாக ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதை மட்டும் நீக்கக் கூடாதென்று என் மகள் சண்டை போடுகிறாள். உச்சக்கட்டத்துக்கு முன் மறுபடி நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி பன்னிரண்டு நிமிடங்கள் எதுவும் பேசாமல் அமர்ந்திருக்கச் சொல்லப்போகிறேன். ஒன்பதாம் வகுப்பு அவ்வளவு நேரம் அமைதியாக இருக்குமா என்பதுதான் இப்போதைக்கு என் கவலை. இருக்காவிட்டால் ஐந்து நிமிடங்களோடு விட்டுவிடுவேன்.

விண்நோக்கி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஆறு மாதங்களுக்கென்று அனுப்பப்பட்ட அந்தக் கலம் 2022 வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தொடர்பில் இருந்தது என்று படித்தேன். படம் முடிந்த பிறகு அதைப் பற்றியும் பேச விரும்புகிறேன். நெடிய கிரகணத்தில் மின்கலம் ஓய்ந்ததை எளிமையாக விளக்கும் குறிப்பு தங்களிடம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள். திரையிடல் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.